தாமிரபரணிக் கெண்டையை எண்ணத் தொடங்குங்கள்: வனத்துறைக்கும் மீன்வளத்துறைக்கும் ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு வனத்துறை, மீன்வளத்துறை அதிகாரிகளுக்கும், நெல்லை, தென்காசி, தூத்துக்குடி மாவட்ட நிர்வாகங்களுக்கும் வணக்கம்.

சுற்றி வளைக்காமல் கேட்டுவிடுகிறேன். உலகத்திலேயே தாமிரபரணிப் படுகையில் மட்டும் வாழும் ஒரு கெண்டை மீன் இருக்கிறது. அது இப்போது ஆற்றின் எந்தெந்தக் கிளைகளில் இருக்கிறது, போன வருடத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா, குஞ்சுகள் தென்படுகின்றனவா என்று கேட்டால், இரண்டு துறைகளில் ஏதாவது ஒன்று ஒரு தாளை எடுத்து நீட்ட முடியுமா? பொதுமக்கள் எடுத்துப் படிக்கும்படி ஆண்டுவாரியான கணக்கு எதுவும் இதுவரை என் கண்ணில் படவில்லை. உங்கள் அலமாரியில் இருந்தால் தயவுசெய்து வெளியிடுங்கள், இந்த மடலை நானே கிழித்துப் போட்டுவிடுகிறேன். இல்லையென்றால் மேலே படியுங்கள்.

மீனைப் பற்றி முதலில். ஒரு சாணுக்கும் குறைவான மீன்தான். பக்கவாட்டில் கரும்பட்டைகள். வளர்ந்த ஆண் மீனுக்கு முதுகுத் துடுப்பின் கதிர்கள் இழை இழையாக நீண்டு பின்னால் தொங்கும், தெளிந்த தண்ணீரில் வெயில் படும்போது பார்த்தால் யாருக்கும் பிடித்துப்போகும். மீன் ஆய்வாளர் இ. ஜி. சைலஸ் 1950-களில் இதைக் காவிரிப் படுகையில் வாழும் இன்னொரு கெண்டையின் கிளையினமாக விவரித்து, ஆற்றின் பெயரையே வைத்தார். பிறகு அது தனி இனம் என்று ஆனது. 2012-ல் இலங்கை ஆய்வாளர்கள் இந்த வகை மீன்களைப் பிரித்துத் தனிப் பேரினமாக்கி, பரிணாம உயிரியலாளர் ரிச்சர்ட் டாகின்ஸ் பெயரைச் சூட்டினார்கள், அதனால் இன்று இதன் அறிவியல் பெயர் டாகின்சியா தாம்ப்ரபர்னியே. பொதிகையில் பிறந்து புன்னைக்காயலில் கடலைத் தொடும் ஓர் ஆற்றின் மீனுக்கு ஆக்ஸ்போர்டு பேராசிரியரின் பெயரும் சேர்ந்துகொண்டது, அது ஒரு பக்கம் இருக்கட்டும். இயற்கைப் பாதுகாப்புக்கான உலக அமைப்பான ஐயுசிஎன்-னின் சிவப்புப் பட்டியலில் இது அழியும் அபாயத்தில் உள்ள இனம். வெளிநாட்டில் கண்ணாடித் தொட்டியில் இதை வளர்ப்பவர்களுக்கு இதன் பெயரும் குணமும் அத்துப்படி. நம் ஊரில் 'பொடிக்கெண்டை' என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

இது ஒரே ஒரு மீனின் கதையும் இல்லை. இதே ஆற்றின் தலைப்பகுதியில்தான் கன்னிக்கட்டி, களக்காடு என்ற மலைப்பக்க இடங்களின் பெயரைச் சுமக்கும் சின்ன மீன்கள் இருக்கின்றன. 2014-ல்கூடத் தாமிரபரணியின் பெயரில் புதிதாக ஒரு மீனை விவரித்தார்கள். 2011-ல் ஐயுசிஎன் வெளியிட்ட மேற்குத் தொடர்ச்சி மலை நன்னீர் உயிரின மதிப்பீட்டில், பார்க்கப்பட்ட மீனினங்களில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஆபத்தில் இருப்பதாகச் சொன்னார்கள். மலையும் காடும் காப்புக்காடாக, புலிகள் காப்பகமாக, 2016 முதல் யுனெஸ்கோ பட்டியலில் உள்ள உயிர்க்கோளமாக இருக்கின்றன. நல்லதுதான். ஆனால் அந்தக் காட்டுக்கு நடுவே ஓடும் தண்ணீருக்குள் என்ன இருக்கிறது என்பதற்கு வருடாந்திரக் கணக்கு வேண்டாமா?

எண்ணத் தெரியாத மாநிலமும் இல்லை இது. 2024-ல் தமிழகமும் கேரளமும் ஒரே சமயத்தில் நீலகிரி வரையாடுகளைக் கணக்கெடுத்து, தமிழ்நாட்டில் 1,031 என்றீர்கள், அடுத்த ஆண்டே மறுபடி எடுத்து 1,303 என்றீர்கள். செங்குத்தான பாறை முகட்டில் திரியும் ஆட்டை எண்ணியவர்களால் முழங்கால் அளவு ஓடைத் தண்ணீரில் மீனை எண்ண முடியாதா? இதே தாமிரபரணிப் படுகையில் 2011 முதல் நீர்ப்பறவைகளைத் தன்னார்வலர்கள் குளம் குளமாகப் போய் எண்ணுகிறார்கள், கல்லூரிப் பிள்ளைகளும் பள்ளிப் பிள்ளைகளும் தொலைநோக்கியோடு கரையில் நிற்கிறார்கள். மீனைத் தின்ன வரும் பறவைக்குக் கணக்கு இருக்கிறது, மீனுக்கு இல்லை. அழியும் நிலையிலுள்ள உயிரினங்களுக்கு என்று மாநில அரசு ஒதுக்கிய நிதியில் காவிரிப் படுகையின் திமில் மயில்கெண்டை இடம்பெற்றதைப் படித்தபோது உண்மையிலேயே மகிழ்ச்சியாக இருந்தது. ஒரு மீனையும் வனவிலங்கு என்று கருதலாம் என்ற இடத்துக்கு வந்துவிட்டோம். அது ஆளுயரம் வளரும் மீன் என்பதால்தான் கண்ணில் பட்டது என்று நினைக்கிறேன், தப்பாக இருந்தால் திருத்துங்கள்.

சின்ன மீன் ஏன் கணக்கில் வராது என்பதற்குப் பெரிய மர்மம் ஒன்றும் இல்லை. மீன்வளத்துறையின் கணக்கு கிலோவிலும் டன்னிலும் ஓடுகிறது. அணையில் விட்ட கட்லாவும் ரோகுவும் மிருகாலும் எவ்வளவு பிடிபட்டன என்பது அதில் வரும், வலையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு வந்த பொடிமீன் 'இதர' என்ற பத்தியில்கூட வராது. வனத்துறையின் கணக்கு காலடித் தடத்தையும் தானியங்கிக் கேமராவையும் நம்பியிருக்கிறது, தண்ணீருக்குள் இருப்பது இரண்டிலும் சிக்காது. அப்புறம் எல்லை. முண்டந்துறைக் காட்டுக்குள் ஆறு வனத்துறையின் பொறுப்பு. பாபநாசத்தைத் தாண்டியதும் கோடைமேலழகியானில் தொடங்கித் திருவைகுண்டம் வரை எட்டு அணைக்கட்டுகள், அவை நீர்வளத்துறையின் கையில். மீன்பிடி உரிமை வேறொருவர் கையில், கழிவுநீரைக் கேட்டால் உள்ளாட்சியும் மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும். ஆக, இந்த மீன் காணாமல் போனால் யார் பதில் சொல்ல வேண்டும் என்றே எழுதி வைக்கப்படவில்லை. முதல் வேண்டுகோள் இதுதான்: இரண்டு துறைகளும் சேர்ந்து ஒரு அதிகாரியை இதற்குப் பொறுப்பாகப் போடுங்கள், பெயரை அறிவியுங்கள்.

கணக்கு இல்லாததால் என்ன கெட்டுப்போயிற்று என்று கேட்பவர்களுக்கு 2023 டிசம்பரை நினைவூட்டுகிறேன். 17, 18 தேதிகளில் பெய்த மழையில் காயல்பட்டினத்தில் மட்டும் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் அளவுக்குக் கொட்டியது, தாமிரபரணி இரண்டு கரையையும் அடித்துக்கொண்டு ஓடியது. மனிதர்களின் இழப்பை எல்லோரும் பேசினோம், பேசத்தான் வேண்டும். வீடுகளின் சேதத்தைக் கணக்கிட முடிந்தது, ஏனென்றால் வெள்ளத்துக்கு முன்னால் அங்கே என்ன இருந்தது என்று வருவாய்த்துறையிடம் பதிவு இருந்தது. ஓடைகளில் கல்லும் மணலும் புரண்டு, மடுக்கள் தூர்ந்து, புது மடுக்கள் உருவாகி, கரையோர மரங்கள் வேரோடு சாய்ந்தபோது இந்தக் கெண்டைக்கு என்ன ஆனது? கீழே அடித்துக்கொண்டு போய்விட்டதா, கிளை ஓடைகளில் ஒதுங்கித் தப்பித்ததா, இல்லை வெள்ளமே அதற்கு நல்லதாகிப் புது வாழ்விடம் கிடைத்ததா? மூன்றுமே நடக்கக்கூடியவைதான், ஆற்று மீன்கள் வெள்ளத்தோடு வாழப் பழகியவை. வெள்ளத்துக்கு முந்தைய ஐந்து வருடக் கணக்கு இருந்திருந்தால் அடுத்த மாசியிலேயே பதில் கிடைத்திருக்கும். அடுத்த வெள்ளமும் வரும், அடுத்த வறட்சியும் வரும். அதற்குள் ஒரு முன்கணக்கு இருக்க வேண்டும் என்பதுதான் என் அவசரம்.

எளிமையான குறிப்பேடு எவ்வளவு தூரம் உதவும் என்பதற்குக் காவிரியே சாட்சி. மேலே சொன்ன திமில் மயில்கெண்டை சரிந்துகொண்டிருப்பதை உலகுக்குச் சொன்னது பெரிய ஆய்வுக்கூடம் எதுவும் இல்லை. கர்நாடகத்தில் கலிபோர் தூண்டில் முகாமில் 1998 முதல் 2012 வரை எழுதிவைத்த பிடிப்புக் குறிப்புகளை ஆய்வாளர்கள் எடுத்து வரிசைப்படுத்தினார்கள்: எந்த நாள், எவ்வளவு நேரம் தூண்டில் போட்டது, என்ன மீன், என்ன எடை. பிடித்து அளந்துவிட்டுத் திரும்ப விட்ட மீன்கள். வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நீலத்துடுப்பு மயில்கெண்டை பெருகப் பெருக, ஆற்றின் சொந்த மீன் குறைந்து, அதன் இளம் மீன்கள் அறவே இல்லாமல் போனது அதில் அப்பட்டமாகத் தெரிந்தது. வெளி மீனை விட்டவர்கள் யாரும் கெட்ட எண்ணத்தில் விடவில்லை என்பதையும் சேர்த்துப் படியுங்கள், ஏனென்றால் 'பொரிப்பகத்தில் குஞ்சு பொரித்து ஆற்றில் விட்டுவிட்டால் போச்சு' என்ற யோசனை இந்தக் கெண்டைக்கும் யாராவது கொண்டுவருவார்கள். ஆற்றில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் எதையும் விட வேண்டாம்.

சரி, எப்படி எண்ணுவது? நான் விஞ்ஞானி இல்லை, ஆனால் இது குழப்பமான வேலையும் இல்லை. ஆற்றிலும் கிளைகளிலும் நிரந்தரமாகச் சில இடங்களைத் தேர்ந்தெடுத்துவிட வேண்டும்: காரையாறு, சேர்வலாறு, மணிமுத்தாறு, கடனா, இராமநதி, பச்சையாறு, அப்புறம் அணைக்கட்டுகளுக்கு மேலும் கீழும். ஒவ்வொன்றிலும் ஒரு நூறு மீட்டர் நீளம், அதில் மடுவும் இருக்கட்டும் வேகமாக ஓடும் இடமும் இருக்கட்டும். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து தண்ணீர் தெளிந்த பிறகு, கோடை இறுகுவதற்கு முன்னால், மாசி பங்குனியில் ஒரு சுற்று. அதே இடம், அதே மாதம், அதே வலை, அதே எண்ணிக்கை வீச்சு, வருடா வருடம். ஒரு வருடம் வீச்சு வலை, மறு வருடம் செவுள் வலை என்று மாற்றினால் மீன் கூடியதா வலை மாறியதா என்று ஆண்டவனுக்கும் தெரியாது. மலை ஓடைத் தண்ணீர் தெளிவாக இருப்பதால் பல இடங்களில் வலையே வேண்டாம், முகக்கண்ணாடி போட்டுத் தலையை உள்ளே விட்டு மெதுவாக மேலேறிப்போனால் போதும், நீருக்கடியில் வைக்கும் சின்னக் கேமராவும் உதவும். மின்சாரம் பாய்ச்சி மயக்கிப் பிடிக்கும் ஆய்வு முறை மற்ற நாடுகளில் வழக்கம்தான், ஆனால் உப்பு குறைந்த மலைத் தண்ணீரில் அது சரியாக வேலை செய்யாது, அதோடு திருட்டுத்தனமாகக் கரண்ட் வைப்பவர்களுக்கு அரசே வழிகாட்டிய மாதிரி ஆகிவிடும். இங்கே அது வேண்டாம்.

மிக முக்கியமான விஷயம், பூஜ்யத்தை எழுதுவது. மீன் கிடைத்த இடத்தை எல்லோரும் எழுதுவார்கள், கிடைக்காத இடத்தை யாரும் எழுதமாட்டார்கள், கடைசியில் வரைபடத்தில் புள்ளிகள் மட்டும் இருக்கும், எங்கே தேடினார்கள் என்பதே தெரியாது. 'போனோம், இத்தனை வீச்சு போட்டோம், ஒன்றும் இல்லை' என்ற வரிதான் பத்து வருடம் கழித்துத் தங்கம். அதே சமயம் கிடைக்கவில்லை என்பதால் மீன் இல்லை என்றும் முடிவுகட்டிவிடக் கூடாது. அரிய மீன் இருக்கும் ஓடைக்கே ஒருமுறை போனால் அது கண்ணில் படப் பாதி வாய்ப்புதான் என்று வைத்துக்கொள்வோம். மூன்று முறை போயும் தவறவிட 8-ல் 1 வாய்ப்பு இருக்கிறது, ஐந்து முறை போனால் அது 32-ல் 1 ஆகக் குறையும். ஆகவே ஓர் இடத்தை ஒரே நாளில் பார்த்துவிட்டு 'அழிந்துவிட்டது' என்று செய்தித்தாளுக்குச் சொல்வதும் வேண்டாம், ஒரே ஒரு மீனைப் படம்பிடித்துவிட்டு 'நலமாக இருக்கிறது' என்று சொல்வதும் வேண்டாம்.

அடையாளம் காண்பதில் ஒரு சிக்கல் உண்டு, அதை இப்போதே சொல்லிவிடுகிறேன். இதே ஆற்றில் இதன் நெருங்கிய உறவான இன்னொரு இழைத்துடுப்புக் கெண்டையும் இருக்கிறது, அது பரவலாகக் கிடைக்கும் மீன். வளர்ந்த பிறகு பிரித்துப் பார்த்துவிடலாம், குஞ்சாக இருக்கும்போது இரண்டுக்கும் கரும்பட்டைகள் இருப்பதால் பழகிய கண்ணும் ஏமாறும். எனவே ஒவ்வொரு மீனுக்கும் அளவுகோல் பக்கத்தில் வைத்து ஒரு படம், சந்தேகம் என்றால் 'சந்தேகம்' என்றே எழுதுவது. நீளத்தை எழுதுவது எண்ணிக்கையைவிட முக்கியம் என்றுகூடச் சொல்வேன். பெரிய மீன்களாகவே கிடைத்து, விரல் நீளக் குஞ்சுகள் இரண்டு மூன்று வருடம் தொடர்ந்து கிடைக்கவில்லை என்றால், எண்ணிக்கை அப்படியே இருந்தாலும் அந்த ஓடையில் இனப்பெருக்கம் நின்றுபோயிருக்கலாம், காவிரியில் நடந்ததும் அதுதானே.

தண்ணீரை வடிகட்டி அதில் மிதக்கும் மரபணுத் துணுக்குகளை வைத்து மீனைக் கண்டுபிடிக்கும் முறை இப்போது பரவலாகிவிட்டது. அதையும் சேர்த்துக்கொள்ளுங்கள், ஆளே இறங்க முடியாத பள்ளத்தாக்குகளுக்கு அது அருமையான வழி. ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம். துணுக்கு மேலே எங்கிருந்தோ மிதந்து வந்திருக்கலாம், எத்தனை மீன், என்ன வயது என்று அது சொல்லாது, நெருங்கிய உறவினங்களைப் பிரிக்க முதலில் நம்பகமான மாதிரித் தொகுப்பு வேண்டும். பெரிய கருவி வாங்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கும் பழக்கம் நமக்கு உண்டு, அதனால் சொல்கிறேன்.

மீனைக் கையாள்வதில் இரண்டு வரி. கை நனைந்திருக்க வேண்டும், மீனைப் பாறையில் போட்டுப் படம் எடுக்கக் கூடாது, சினைப் பருவத்தில் தொடவே கூடாது. ஓர் ஓடையில் போட்ட வலையை வெயிலில் நன்றாகக் காயவைக்காமல் அடுத்த ஓடைக்குக் கொண்டுபோகக் கூடாது, நோயும் அந்நிய முட்டையும் அப்படித்தான் ஊர்விட்டு ஊர் போகின்றன.

யாரை வைத்து எண்ணுவது என்பதில் எனக்குத் திடமான கருத்து உண்டு. காட்டுக்குள் இருக்கும் காணிப் பழங்குடி மக்களுக்கு எந்த மடுவில் எந்த மாதம் என்ன மீன் ஒதுங்கும் என்று தெரியும். கீழே, அணைக்கட்டுகளை ஒட்டி வலைவீசிப் பிழைப்பவர்களுக்கு எந்த வருடத்தில் ஜிலேபி மீன் வலையை நிரப்ப ஆரம்பித்தது என்று தெரியும். வழக்கமாக இவர்களை வழிகாட்டியாகக் கூட்டிக்கொண்டு போய், கூலி கொடுத்து அனுப்பிவிட்டு, அறிக்கையில் 'உள்ளூர் மக்களின் ஒத்துழைப்புடன்' என்று ஒரு வரி போடுவார்கள். இந்த முறை அவர்களையே கணக்கெடுப்பாளர்களாக நியமியுங்கள், முறையான சம்பளத்தோடு, வருடா வருடம் அதே ஆட்கள். பக்கத்துக் கல்லூரிகளின் விலங்கியல் மாணவர்கள் கூட இருக்கட்டும், அளக்கவும் படமெடுக்கவும் பதியவும். ஆய்வு மாணவரின் மூன்று வருடம் முடிந்தால் கணக்கும் முடிந்துவிடும், காணி ஊர்க்காரர் அங்கேயேதான் இருப்பார்.

கெண்டையை மட்டும் எழுதாமல் கூடவே வருவதையும் எழுதுங்கள். ஜிலேபி எத்தனை, வளர்க்கத் தடை உள்ள ஆப்பிரிக்கக் கெளுத்தி தட்டுப்பட்டதா, தொட்டியிலிருந்து யாரோ கொட்டிவிட்ட டேங்க் கிளீனர் மீன் வந்துவிட்டதா. தண்ணீரின் வெப்பம், ஓட்டத்தின் வேகம், கரையில் நிழல் இருக்கிறதா, மணல் எடுத்த பள்ளம் உண்டா. தோட்டா போட்ட தடயம், பிளீச்சிங் பவுடர் வாடை, கொசுவலை கட்டிக் குஞ்சோடு அள்ளிய அடையாளம். வெடி வைப்பதும் நஞ்சு கலப்பதும் 1897-ம் ஆண்டு மீன்வளச் சட்டத்திலேயே குற்றம், நூற்றிருபது வருடத்துக்கு மேலாகியும் அதைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது. ஆடி அமாவாசைக்குச் சொரிமுத்து அய்யனாரைக் கும்பிடப் பெருங்கூட்டம் காரையாற்றங்கரைக்கு வருகிறது, பாபநாசத்தில் துணியை ஆற்றில் விடும் வழக்கம் நிற்கவில்லை. பக்தியைக் குறை சொல்ல வரவில்லை. திருவிழாவுக்கு முன்னும் பின்னும் அதே இடத்தில் ஒரு கணக்கு எடுத்தால் யாரும் யாரோடும் சண்டை போடாமல் உண்மை தெரிந்துவிடும். சொல்லப்போனால் பாபநாசம் கோயில் படித்துறையில் மீனுக்குப் பொரி போடுகிற அதே ஜனங்கள்தான் இந்தக் கணக்குக்கு உங்களுடைய முதல் ஆதரவாளர்களாக இருப்பார்கள்.

இன்னொன்று, கன்னடியன் கால்வாயிலிருந்து வெள்ள நீரைக் கருமேனியாறு, நம்பியாறு பக்கம் கொண்டுபோகும் இணைப்புத் திட்டம். வறண்ட பகுதிக்குத் தண்ணீர் போவதை யாரும் எதிர்க்கவில்லை. ஆனால் தண்ணீரோடு மீனும் போகும், தாமிரபரணியின் சொந்த மீனும் போகும், ஜிலேபியும் போகும். இணைப்பின் இரண்டு முனையிலும் இப்போதே ஒரு கணக்கெடுப்பு இடத்தைக் குறித்துவிட்டால் பின்னால் தலையைச் சொறிய வேண்டியிருக்காது.

புலியைக் காப்பாற்றினால் காடு காப்பாற்றப்படும், காட்டைக் காப்பாற்றினால் ஓடையும் மீனும் தானாகப் பிழைக்கும் என்று உங்களில் சிலர் சொல்வதைக் கேட்டிருக்கிறேன். பாதி உண்மை. காப்பகத்துக்குள் மணல் அள்ள முடியாது, மரம் வெட்ட முடியாது, சரி. ஆனால் அணையிலிருந்து மின்சாரத்துக்காகத் திறந்து மூடும் தண்ணீரோ, அணையில் விட்ட வளர்ப்பு மீன் மேல்நோக்கி ஏறுவதோ, கீழே எட்டு அணைக்கட்டுகளால் துண்டுதுண்டான ஆறோ புலியின் எண்ணிக்கையில் தெரியாது. பணம் இல்லை என்றும் சொல்லாதீர்கள். வலை, அளவுகோல், தண்ணீர் புகாத நோட்டு, வெப்பமானி, சில கேமராக்கள், கணக்கெடுப்பாளர்களின் சம்பளம், ஜீப்புக்கு டீசல். இதற்கு மேல் பெரிதாக ஒன்றும் வேண்டாம்.

கணக்கை வெளியிடும்போது மட்டும் கொஞ்சம் கவனம். இது வண்ணமீன் வியாபாரத்தில் விலைபோகிற மீன். எந்தக் கிளையாற்றில் கூடியது, எதில் குறைந்தது என்று எல்லோருக்கும் தெரிய வேண்டும், எந்த மடு, எந்தப் பாறை என்ற துல்லியம் துறைக்குள் இருந்தால் போதும்.

வருகிற மாசியில் முதல் சுற்றைத் தொடங்குங்கள். எல்லாக் கிளைகளையும் ஒரே வருடத்தில் பிடிக்க முடியாவிட்டால் காரையாற்றையும் கடனாவையும் மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் அடுத்த மாசியிலும் அதே இரண்டுக்குப் போங்கள். சித்திரை முடிவதற்குள் தமிழில் இரண்டு பக்கம், பூஜ்யங்களோடு சேர்த்து, மாவட்ட இணையதளத்தில் போடுங்கள். பொறுப்பு அதிகாரியின் பெயரையும் அலுவலக எண்ணையும் அதன் கீழே அச்சிடுங்கள். கரையில் நின்று நோட்டில் எழுதுவதற்கு ஆள் குறைந்தால் சொல்லி அனுப்புங்கள், நான் வருகிறேன், என்னோடு இன்னும் பலர் வருவார்கள்.

இப்படிக்கு,
தாமிரபரணித் தண்ணீர் குடித்து வளர்ந்த ஒருவன்